ஃபஸ் பெடல்: கிட்டாருக்கு ஒரு கணக்கு, பாஸுக்கு வேறு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கிழிந்ததுபோல் ஆக்கும் கால்மிதிப் பெட்டிகளான ஃபஸ் பெடல்களை ஒப்பிட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் இந்தப் பொருளுக்கு இடம் கிடைத்ததே மகிழ்ச்சி. கட்டுரையாளர் அதில் இரண்டு முடிவுகளைச் சொல்லியிருந்தார். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் (ஒலி அலையைப் பெருக்கும் பாகம்) போட்ட பெடல் இதமாக ஒலிக்கும், சிலிக்கான் போட்டது காதைக் குத்தும் என்பது ஒன்று. கிட்டாருக்கு நன்றாக அமையும் பெடல் பாஸ் கிட்டாருக்கும் நன்றாகவே அமையும் என்பது இன்னொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதை நம்பிக் காசு போட்டால், பாஸ் வாசிப்பவர் மேடையில் நின்றுகொண்டிருப்பார், சத்தம் மட்டும் சபைக்குப் போய்ச் சேராது. பெடல் வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றே விரிவாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கெப்பாசிட்டர் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள்.

இத்தனைக்கும் ஃபஸ் முதலில் பேர் வாங்கியது பாஸ் வழியாகத்தான். 1960-இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றைப் பதிவுசெய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பாஸ் போய்ச் சேர்ந்த மிக்சர் சானலில் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய் ஒலி கிழிந்து வந்தது. அதை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாட்டு 1961-இல் நன்றாக ஓடியது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கிழிசலை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் சர்க்யூட்டைச் செய்ய, கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்றது. ஃபஸ் சர்க்யூட்டை உள்ளேயே பொருத்திய பாஸ் கிட்டார் ஒன்றையும் அதே காலத்தில் கிப்சன் செய்தது. ஆனால் பின்னால் பேர்போன சர்க்யூட்டுகள், அதாவது லண்டனில் 1965-இல் வந்த டோன் பெண்டர், 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ், நியூயார்க்கில் அறுபதுகளின் கடைசியில் பிறந்த பிக் மஃப், எல்லாமே கிட்டாரை மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டவை. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஃபஸ் பெடல்கள் இவற்றின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான்.

ஃபஸ் செய்கிற வேலை எளிது. தந்தியிலிருந்து வளைந்து வளைந்து வரும் அலையின் மேல்முனையையும் கீழ்முனையையும் தட்டையாக வெட்டி, கிட்டத்தட்டச் சதுர அலையாக்கிவிடுகிறது. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் உயரம் ஒன்றுதான். அதனால் சுரம் நீண்டு நிற்கிறது. வெட்டிய விளிம்புகளிலிருந்து புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. இரண்டு தந்திகளைச் சேர்த்து அடித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய சுரங்களும் கிளம்பும். அதனால்தான் ஃபஸ்ஸில் ஸவும் பவும் சேர்ந்த பவர் கார்டு நன்றாக நிற்கும், நடுவே காந்தாரத்தைச் சேர்த்த முழு கார்டு குழம்பிப்போகும். இது பெடலின் குறை அல்ல. ஃபஸ் போட்டுக்கொண்டு ஆறு தந்தி கார்டு அடித்துவிட்டுப் பெடலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் ஓவர்டிரைவ் என்ற மென்மையாகக் கிழிக்கும் பெடலைக் கேட்டிருக்க வேண்டியவர்கள்.

கிட்டாரின் தடித்த இ தந்தி 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு. பாஸின் இ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பாஸின் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டு ஃபஸ் ஃபேஸைத் திறந்து பார்ப்போம். உள்ளே இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், நான்கு ரெசிஸ்டர், இரண்டு பாட் (குமிழால் திருகும் ரெசிஸ்டர்). உள்நுழையும் இடத்தில் 2.2 மைக்ரோஃபாரட், அது பாஸுக்கும் தாராளம். வெளியேறும் இடத்தில் 0.01 மைக்ரோஃபாரட், அதற்குப் பின் 500 கிலோ ஓம் வால்யூம் பாட். வால்யூமை முழுக்கத் திருகி, 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) செருகினால், இரண்டும் சேர்ந்து 333 கிலோ ஓமாகிறது. 0.01 மைக்ரோஃபாரடும் 333 கிலோ ஓமும் சேர்ந்து சுமார் 48 ஹெர்ட்ஸை எல்லையாக வைத்து அதற்குக் கீழே ஒலியை வெட்டும்; எல்லைக்குச் சற்று மேலேயும் கொஞ்சம் குறையும். கிட்டாரின் 82 ஹெர்ட்ஸில் இழப்பு ஒரு டெசிபலுக்குச் சற்று மேல், காதுக்குத் தெரியாது. பாஸின் இ தந்தியில் ஏறத்தாழ 3.7 டெசிபல், பி தந்தியில் 5 டெசிபலுக்கு மேல்.

அதையாவது ஆம்பின் பாஸ் குமிழைத் திருகிச் சரிக்கட்டலாம். பெடலுக்கு அடுத்து சாதாரண பாசிவ் (மின்சாரம் வேண்டாத) டிஐ பெட்டியை, அதாவது ஒலியை மிக்சருக்கு அனுப்பும் இணைப்புப் பெட்டியை, செருகினால் நிலைமை கைமீறும். அந்தப் பெட்டிகளின் உள்ளீடு பெரும்பாலும் ஒரு லட்சம் ஓம் அளவில்தான் இருக்கும். இப்போது கணக்குப் போட்டால் வெட்டு எல்லை 190 ஹெர்ட்ஸ். இ தந்தியின் அடிச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சின்ன மண்டபங்களில் பாஸ் ஆம்ப் இல்லாமல் பெடலிலிருந்து நேராக டிஐ, அங்கிருந்து மிக்சர் என்று போகும்போது ஃபஸ் கொசு மாதிரி ஒலிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுவே. பழியெல்லாம் பெடலுக்குப் போகிறது. தீர்வு இரண்டு. டிஐ பெட்டியை ஆக்டிவ் (மின்சாரத்தில் இயங்கும்) வகையாக மாற்றுங்கள். அல்லது பெடலில் 0.01-ஐக் கழற்றிவிட்டு 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டரைப் பற்றவையுங்கள். டீக்காசுக்குக் கிடைக்கும் பாகம். 1 மெகா ஓம் ஆம்போடு வெட்டு 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்; டிஐ பெட்டியோடும் 20 ஹெர்ட்ஸைத் தாண்டாது. கிட்டாருக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அடியில் சேறு சேரும்.

ஃபஸ் ஃபேஸின் இரண்டாவது குணம் அதன் உள்ளீட்டுத் தடை. 10 கிலோ ஓமுக்கும் குறைவு. ஆம்ப் போல் 10 லட்சம் ஓமில் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் சுருளை) தொடாமல் தொடுகிற சமாசாரம் இல்லை. பிக்கப்பின் சுருளைத் தன் சர்க்யூட்டின் ஒரு பாகமாகவே ஆக்கிக்கொள்கிறது. கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 7-க்குக் குறைத்தால் கிழிசல் கரைந்து மணி போன்ற தெளிந்த ஒலி வருகிறதே, அதற்குக் காரணம் இந்த உறவுதான். குமிழைக் குறைக்கும்போது பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவே பெரிய ரெசிஸ்டர் ஒன்று வந்து உட்காருகிறது, பெடலின் பெருக்கம் விழுகிறது.

இடையில் ஒரு பஃபர் (ஒலியை மாற்றாமல், இரு பக்கத்தையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) வந்துவிட்டால் உறவு அறுந்தது. பஃபர் உள்ள டியூனர் பெடல், வயர்லெஸ் ரிசீவர், மற்ற எந்த பஃபர் பெடலும் ஃபஸ் ஃபேஸுக்கு முன்னால் இருந்தால், வால்யூமைக் குறைத்தாலும் கிழிசல் போகாது, சத்தம்தான் குறையும். மேல்சுரங்கள் காதைக் கிழிக்கும். பாத்திக்குக் கசியவிட வேண்டிய நீரை மதகு திறந்து விட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஆக்டிவ் பாஸ் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 9 வோல்ட் பேட்டரி போட்டு உள்ளே ப்ரீஆம்ப் வைத்த பாஸ் என்றால் அதன் வெளியீடே பஃபர்தான். நல்ல பாஸ், நல்ல பெடல், இரண்டும் சேர்ந்தால் கேட்கச் சகிக்காது. பாசிவ் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு வாசியுங்கள். இல்லையென்றால் பெடலின் உள்ளீட்டு ஜாக்குக்கும் 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கும் நடுவே 10 முதல் 47 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். எது பொருந்தும் என்று தெரியாவிட்டால் 100 கிலோ ஓம் பாட் ஒன்றை இரண்டு கால்களில் இணைத்துத் திருகிப் பாருங்கள். கிட்டார் வால்யூம் செய்கிற வேலையை அந்தக் குமிழ் செய்யும்.

மிதித்தால் ஒலி 'வா' என்று வளையும் வா பெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வா முன்னால், ஃபஸ் ஃபேஸ் பின்னால் என்று இணைத்தால் ஃபஸ்ஸின் குறைந்த உள்ளீடு வா-வின் வெளியீட்டை அழுத்திவிடும். மிதித்தால் 'வா' கேட்காது, சில நேரம் விசிலடிக்கும். ஃபஸ்ஸை முன்னால் போடுவது எளிய வழி. வா முன்னால்தான் வேண்டும் என்றால் அதன் வெளியீட்டில் ஒரு பஃபர் வேண்டும். ஆனால் அப்போது வால்யூம் குறைத்துத் தெளிவாக்கும் வித்தையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இனி ஜெர்மானியம், சிலிக்கான் விவகாரம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் பெருக்கம் குறைவு, மேல்சுரங்களில் கொஞ்சம் மந்தம், அடைத்திருக்கும்போதும் ஒழுகும் கசிவு மின்னோட்டமும் உண்டு. இவை சேர்ந்துதான் 'இதம்'. சிலிக்கானில் பெருக்கம் 400, 500 என்று போகும் பிசி108சி போன்றவற்றைப் போட்டால் இரைச்சலும் கூர்மையும் வரும், பக்கத்து ரேடியோ நிலையமும் வரும். ஆனால் பெருக்கம் 100-ஐ ஒட்டிய சிலிக்கானைத் தேர்ந்தெடுத்து, முதல் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் (எமிட்டர், பேஸ், கலெக்டர்) கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 47 முதல் 100 பிக்கோஃபாரட் வரை ஒரு செராமிக் கெப்பாசிட்டர் போட்டால், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் எது எது என்று பிரித்துச் சொல்லச் சிரமப்படுவார். ரேடியோ நிலையமும் அடங்கும். என் கணிப்பில் பொருளின் பெயரைவிடப் பெருக்க எண்ணும், ஒலி வராதபோது டிரான்சிஸ்டரில் நிற்கும் பயஸ் வோல்டேஜும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன.

நம் ஊருக்கு ஜெர்மானியத்தில் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது: வெயில். அதன் கசிவு மின்னோட்டம் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் 200 மைக்ரோஆம்ப் கசிந்த டிரான்சிஸ்டர், சித்திரை மாதத் திறந்தவெளி மேடையில் 45 டிகிரிக்குச் சூடாகிவிட்டால் 800 மைக்ரோஆம்ப் கசியும். பயஸ் நகர்ந்துபோய், சுரம் அடித்ததும் துப்பிவிட்டு அறுந்துபோகும். மாலை சவுண்ட் செக்கில் செத்த மாதிரி இருந்த பெடல் இரவு ஒன்பது மணிக்குப் பிழைத்துக்கொள்வதும் இதனால்தான். பெடலை நிழலில் வையுங்கள், கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து வெயிலில் காட்டாதீர்கள். நிரந்தரத் தீர்வுக்கு உள்ளே இருக்கும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 20 கிலோ ஓம் டிரிம்பாட் (ஸ்க்ரூடிரைவரால் திருகும் சின்ன பாட்) ஒன்றைப் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சர்க்யூட்டின் தரையிலும் (கிரவுண்டிலும்) மறுமுனையை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரிலும் வைத்து, 4.5 வோல்ட், அதாவது பேட்டரியில் பாதி, வரும்வரை திருகுங்கள். பிளஸ்ஸைத் தரையாக வைத்த பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் என்றால் மைனஸ் 4.5 காட்டும். அடிக்கடி வெளிமேடையில் வாசிப்பவர்கள் டிரிம்பாட்டுக்குப் பதிலாகக் குமிழே வைத்துக்கொள்ளலாம்.

பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய ஏசி128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை வாங்குகிறவர்கள் மல்டிமீட்டரின் பெருக்கம் பார்க்கும் துளையில் செருகி '150 காட்டுகிறது' என்று மகிழ்ந்துபோக வேண்டாம். கசிவையும் சேர்த்துத்தான் அது பெருக்கமாகக் காட்டும். சரியாக அளக்க 9 வோல்ட் பேட்டரி, ஒரு 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் போதும். எமிட்டரை பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள், கலெக்டரை 2.4 கிலோ ஓம் வழியாக மைனஸுக்குக் கொண்டுபோங்கள். பேஸை அந்தரத்தில் விடுங்கள். 2.4 கிலோ ஓமின் இரு முனைகளிலும் காட்டும் வோல்டேஜ் கசிவால் வந்தது. அரை வோல்ட் என்றால் சுமார் 200 மைக்ரோஆம்ப். பிறகு பேஸை 2.2 மெகா ஓம் வழியாக மைனஸுக்கு இணையுங்கள். இப்போது கூடுதலாக ஏறிய வோல்டேஜை 100-ஆல் பெருக்கினால் உண்மையான பெருக்கம். 0.8 வோல்ட் ஏறினால் 80. முதல் இடத்துக்கு 70, 80-ஐ ஒட்டியதையும் இரண்டாம் இடத்துக்கு 110 முதல் 130 வரை உள்ளதையும் போடுங்கள். கசிவு 300 மைக்ரோஆம்புக்கு மேல் போனால் ஒதுக்கிவிடுங்கள். அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடல் சூட்டிலேயே எண் ஏறிக்கொண்டிருக்கும்.

ஃபஸ் ஃபேஸின் சத்தம் போதவில்லை என்பது இன்னொரு பொதுப் புகார். இரண்டாவது டிரான்சிஸ்டர் 9 வோல்ட் அளவுக்கு ஆடினாலும், 470 ஓமும் 8.2 கிலோ ஓமும் சேரும் முடிச்சிலிருந்துதான் ஒலி எடுக்கப்படுகிறது. நூற்றில் ஐந்து பங்குக்குச் சற்று மேல்தான் வெளியே வரும். சிலிக்கான் வகைகளில் 470-க்குப் பதில் 330 ஓம் இருக்கும், இன்னும் குறைவு. 470-ஐ 1 கிலோ ஓமாக்கினால் வெளிவரும் வோல்டேஜ் இரட்டிப்பாகும். மாற்றிய பிறகு மேலே சொன்ன 4.5 வோல்டை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

டோன் பெண்டரின் இரண்டாம் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபஸ் ஃபேஸுக்கு முன்னால் இன்னொரு டிரான்சிஸ்டரைச் சேர்த்தது போன்ற அமைப்பு. கிழிசலும் நீளமும் கூடுதல், இரைச்சலும் கூடுதல், வால்யூமைக் குறைத்துத் தெளிவாக்குவது அவ்வளவு எளிதல்ல. உரத்த ஆம்ப் முன் தனிவாசிப்புக்கு அருமையானது.

பிக் மஃப் வேறு சாதி. நான்கு சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள், நடுவில் இரண்டு கட்டங்களில் டயோடு வைத்து அலை முனைகளின் வெட்டு, கடைசிக்கு முன் டோன் பகுதி. உள்ளீட்டிலேயே முப்பது நாற்பது கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடராக இருப்பதால் பஃபர் முன்னால் வந்தாலும் முகம் சுளிக்காது. ஆக்டிவ் பாஸ்காரர்களுக்கு இது பெரிய வசதி. அதன் சிக்கல் டோன் பகுதியில் இருக்கிறது. ஒரு பக்கம் 39 கிலோ ஓமும் 0.01 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 400 ஹெர்ட்ஸுக்கு மேலே குறைக்கிறது, மறுபக்கம் 0.004 மைக்ரோஃபாரடும் 22 கிலோ ஓமும் சேர்ந்து 1,800 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கிறது. குமிழ் இரண்டையும் கலக்கிறது. நடுவில் வைத்தால் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிப் பெரிய பள்ளம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம்தான் ஒலியைப் பிரம்மாண்டமாகக் காட்டும். டிரம்ஸும் கீபோர்டும் பாட்டும் சேர்ந்ததும் கிட்டார் அந்தப் பள்ளத்திலேயே விழுந்து மறைந்துவிடும், ஏனென்றால் கூட்டத்தில் கிட்டாரைக் கேட்க வைப்பது அந்த நடுப்பகுதிதான். 0.004-ஐ 0.01 மைக்ரோஃபாரடாக மாற்றினால் இரண்டாவது எல்லை 720 ஹெர்ட்ஸுக்கு இறங்கிப் பள்ளம் பெருமளவு நிரம்பிவிடும். பெடலைத் திறக்க மனமில்லாதவர்கள் பின்னால் ஒரு ஈக்யூ (ஈக்வலைசர்) பெடல் வைத்து 800 ஹெர்ட்ஸ் குமிழை 4, 5 டெசிபல் உயர்த்துங்கள்.

பாஸ்காரர்களிடம் பிக் மஃப் செல்லப்பிள்ளையானதற்கு நியாயம் உண்டு. மெட்டாலிக்காவின் கிளிஃப் பர்ட்டன் பயன்படுத்தியதால் மட்டும் அல்ல. அதன் பாதையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் பாஸுக்கும் போதுமான அளவு. வெட்டும் டயோடுகளோடு தொடராகச் சின்ன கெப்பாசிட்டர் போட்ட வகைகளில் அடிச்சுரம் டயோடு வரை முழுதாகப் போவதில்லை. அதனால் மேல்பகுதி அளவுக்கு வெட்டுப்படாமல் பருமனாக வெளிவருகிறது. தொண்ணூறுகளில் ரஷ்யாவில் செய்த சோவ்டெக் முத்திரைப் பச்சைப் பெட்டிகளைப் பாஸ்காரர்கள் தேடித் தேடி வாங்கியது அதன் கனத்த அடிக்காக. பிறகு எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பாஸுக்கென்றே ஒரு பிக் மஃப் செய்து, சுத்த ஒலியைக் கலக்க ஸ்விட்சும் வைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பாஸுக்கு அதையே சொல்வேன், கிட்டாருக்குப் பச்சைப் பெட்டி வகையைச் சொல்வேன்.

பிக் மஃப்பில் டிரான்சிஸ்டரை மாற்றிப் பார்க்கிறவர்கள் கவனிக்க: அதில் வழக்கமாக இருக்கும் 2என்5088-ஐத் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால் கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பிசி547-இல் அதுவே கலெக்டர், பேஸ், எமிட்டர். அப்படியே செருகினால் பெடல் ஊமையாகும் அல்லது முனகும். பின்புறமாகத் திருப்பிப் போட வேண்டும்.

ஜப்பானின் ஷின்-எய் செய்து யூனிவாக்ஸ் பெயரில் விற்ற சூப்பர்-ஃபஸ் வகை அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுகிறது. அலைவு இரட்டிப்பாகி ஒரு ஸ்தாயி மேலே சுரம் எழும். கழுத்துப் பிக்கப், டோன் குமிழ் குறைவு, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒற்றைச் சுரம்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது தெளிவாகக் கேட்கும். பாஸில் போட்டால் அடிச்சுரத்தைத் தின்றுவிடும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் சுத்த ஒலியோடு கலந்தால் இதைப்போல் பாஸை முன்னுக்குக் கொண்டுவருவது வேறில்லை.

கலப்புதான் பாஸ் ஃபஸ்ஸின் முழு ரகசியம். மேலே சொன்ன கெப்பாசிட்டரை எல்லாம் சரிசெய்தாலும், வெட்டப்பட்ட அலையில் தட்டின் அழுத்தம் போய்விடுகிறது. டிரம்மின் கிக்கோடு சேர்ந்து இடிக்க வேண்டிய பாஸ் ஒரே உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே சுத்த ஒலி ஒரு பாதையில், ஃபஸ் இன்னொரு பாதையில் போய்க் கடைசியில் சேர வேண்டும். இரண்டையும் கலக்கும் பிளெண்ட் குமிழ் உள்ள பெடல் வாங்கலாம், தனி பிளெண்டர் பெட்டி வாங்கலாம், அல்லது மிக்சரில் சுத்த ஒலிக்கு ஒரு சானலும் ஃபஸ்ஸுக்கு ஒரு சானலும் கேட்டு வாங்கலாம். சுத்த ஒலியை முதலில் முழு அளவில் வைத்துவிட்டு, ஃபஸ்ஸை மெல்ல ஏற்றி, அது தெளிவாகக் கேட்கும் அளவு வந்ததும் நிறுத்துங்கள். ஃபஸ் பாதையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அடி முழுவதும் சுத்த ஒலியின் பொறுப்பாகும். இரண்டு பாதையும் அடியில் மோதிக்கொள்ளாது.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஃபேஸ் (phase), அதாவது அலை நேராக வருகிறதா தலைகீழாக வருகிறதா என்பது; ஃபஸ் ஃபேஸின் பெயரில் உள்ள ஃபேஸ் (face) வேறு. ஒவ்வொரு டிரான்சிஸ்டர் கட்டமும் அலையைத் தலைகீழாக்கும். ஃபஸ் ஃபேஸில் இரண்டு, பிக் மஃப்பில் நான்கு. வெளியே வரும்போது நேராகிவிடும். டோன் பெண்டர் இரண்டாம் வகையில் மூன்று, தலைகீழாகவே வரும். அதைச் சுத்த ஒலியோடு கலந்தால் அடிச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு சானலையும் ஏற்றும்போது பாஸ் கூடுவதற்குப் பதில் மெலிந்தால் இதுதான் காரணம். மிக்சரில் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். பிளெண்டர் பெட்டி வாங்கும்போதும் அந்த ஸ்விட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒப்பிடும் முறை பற்றிக் கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது: ஒரு வாசிப்பை லூப்பரில் (பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் பெடலில்) பதிந்து, அதை ஒவ்வொரு பெடல் வழியாகவும் ஓடவிட்டுக் கேட்கலாம் என்று. பிக் மஃப் வகைக்கு அது சரி. ஃபஸ் ஃபேஸ், டோன் பெண்டர் வகைக்குச் சுத்தமாக உதவாது; லூப்பரின் வெளியீடு பஃபர். பிக்கப்போடு உள்ள உறவை அறுத்துவிட்டு அந்தப் பெடலுக்கு மதிப்பெண் போடுவது அநியாயம். இணையத்தில் வரும் ஒப்பீட்டுக் காணொளிகள் பலவற்றில் ஃபஸ் ஃபேஸ் தோற்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பெடலை மாற்றி மாற்றிக் கையால் வாசித்தே பாருங்கள். பைபாஸில் (பெடல் அணைந்திருக்கையில்) கேட்கும் சத்தமும் பெடல் போட்டதும் கேட்கும் சத்தமும் ஒன்றாக இருக்கும்படி வால்யூமைச் சமப்படுத்திய பிறகே கேளுங்கள். இல்லாவிட்டால் சத்தம் கூடியதுதான் எப்போதும் ஜெயிக்கும். கடையில் ஆம்பை 2-இல் வைத்து முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் டிரம்ஸோடு ஒருமுறை.

கடைசியாக, கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் 'எந்த 9 வோல்ட் அடாப்டரும் போதும்' என்று இருந்தது. இதைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள். ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் வைத்த பழைய முறைப் பெடல்களில் பேட்டரியின் பிளஸ்தான் தரை. மற்ற பெடல்களில் மைனஸ் தரை. இரண்டு வகையையும் ஒரே அடாப்டரின் பல தலை வயரில் மாட்டினால், கிட்டார் கேபிளின் வெளிவலை வழியாக பிளஸ்ஸும் மைனஸும் நேராக ஒட்டிக்கொள்ளும். பெடல் பெரும்பாலும் எரியாது, அடாப்டர் சூடாகும் அல்லது சாகும். இப்படிப்பட்ட பெடலுக்குத் தனி அடாப்டர், அல்லது ஒவ்வொரு வெளியீடும் பிரிக்கப்பட்ட பவர் பெட்டி, அல்லது பேட்டரி. மின்னோட்டம் 1 மில்லிஆம்ப் அளவுதான் என்பதால் ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும். உள்ளீட்டு ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பெடல் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் நிற்காது.

இப்படிக்கு,
பெடல் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.